சுவா தைஷா: கருவறையே இல்லாத கோயிலில் சாமி எங்கே இருக்கிறார்?

நீலமலை

ஜப்பானின் நாகனோ மாகாணத்தில், சுவா ஏரியைச் சுற்றி இருக்கிற சுவா தைஷா பற்றி ஓர் இழை தொடங்குகிறேன். கியோத்தோ கோயில்களைப் பற்றித் தமிழில் ஓரளவு படிக்கக் கிடைக்கிறது. இதைப் பற்றிக் கண்ணில் படுவதெல்லாம் "ஆறு வருஷத்துக்கு ஒரு முறை மரத்தின்மேல் உட்கார்ந்து மலைச்சரிவில் இறங்குவார்கள்" என்ற ஒற்றை வரிதான்.

விவரம் தெரிந்தவர்கள் நான்கு விஷயங்களைத் தெளிவாக்கினால் நல்லது. அங்கே கும்பிடப்படும் தெய்வம் யார்? தெய்வம் குடியிருக்கும் கட்டடம் இல்லை என்கிறார்களே, அப்படியானால் எதைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள்? அந்த மரங்களை எப்படிக் கொண்டுவந்து கோயிலில் தூண்களாக நிறுத்துகிறார்கள்? நேரில் போகிறவர்கள் எதை எப்படிப் பார்க்க வேண்டும்?

ஏரிக்கரை

முதலில் இடத்தை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் எளிது. பெயர் ஒன்று, வளாகம் நான்கு. ஏரிக்குத் தெற்கே இருப்பது கமிஷா, அதாவது மேல்கோயில். அதில் ஹொன்மியா சுவா நகரில் இருக்கிறது, மயேமியா பக்கத்து ச்சினோ நகரில். ஏரிக்கு வடக்கே ஷிமோஷா, கீழ்க்கோயில். அதன் ஹருமியா, அகிமியா இரண்டும் ஷிமோசுவா என்ற ஊரில். ஹரு என்றால் வசந்தம், அகி என்றால் இலையுதிர்காலம். பெயருக்கேற்ப, கீழ்க்கோயில் தெய்வம் பிப்ரவரி 1 அன்று அகிமியாவிலிருந்து ஹருமியாவுக்குப் போய், ஆகஸ்ட் 1 அன்று அகிமியாவுக்குத் திரும்புகிறது. ஆகஸ்ட் பெயர்ச்சியின்போது சுள்ளி, தழைகளால் ஒரு பெரிய படகு கட்டி, அதில் கிழவன் கிழவி பொம்மைகளை ஏற்றித் தெருவழியே இழுத்து வருவார்கள்.

ஹொன்மியாவின் தெய்வம் தகேமினாகதா. மயேமியாவில் அவர் மனைவி யசாகதோமே. கீழ்க்கோயிலில் இந்த இருவரோடு தகேமினாகதாவின் அண்ணன் கொத்தோஷிரோனுஷியும் சேர்கிறார்.

தெய்வம் குடியிருக்கும் கட்டடத்துக்கு ஹொன்தென் என்று பெயர். நான்கில் மூன்று வளாகங்களில் அது கிடையாது. அகிமியாவில் ஓர் இச்சீ மரம், ஹருமியாவில் ஒரு சுகி மரம், ஹொன்மியாவில் பின்னாலிருக்கும் மலைக்காடு, இவைதான் தெய்வத்தின் இருப்பிடம். மயேமியாவில் மட்டும் ஹொன்தென் உண்டு. அதுவும் இசே கோயிலிலிருந்து வந்த மரத்தைக் கொண்டு 1932-ல் கட்டியது.

ஏடு

தெய்வம் யார் என்பதற்குப் பழைய நூல் தரும் பதிலைச் சொல்கிறேன்.

712-ல் தொகுக்கப்பட்ட கொஜிகியில் வருகிறது. இசுமோ நாட்டை ஆண்ட ஓகுனினுஷியிடம், நாட்டை ஒப்படைக்கச் சொல்லி வானுலகத்திலிருந்து தகேமிகசுச்சி வருகிறார். ஒரு மகன் கொத்தோஷிரோனுஷி ஒத்துக்கொள்கிறார். இன்னொரு மகன் தகேமினாகதா, ஆயிரம் பேர் சேர்ந்தால்தான் இழுக்க முடியும் என்கிற பாறையை விரல்நுனியில் தூக்கிக்கொண்டு வந்து, "பலத்தைப் பார்த்துவிடலாம்" என்கிறார். வந்தவரின் கையைப் பிடிக்கிறார். பிடித்த கை பனித்தூணாகிறது, பிறகு வாளின் அலகாகிறது. அடுத்து தகேமிகசுச்சி இவர் கையைப் பிடித்து, இளநாணலை நசுக்குவதுபோல் நசுக்கி எறிகிறார். தகேமினாகதா ஓடுகிறார். ஷினானோ நாட்டுச் சுவா ஏரிவரை துரத்திப் பிடித்துக் கொல்லப் போகும்போது, "இந்த இடத்தை விட்டு வேறெங்கும் போகமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்து உயிர் தப்புகிறார். ஷினானோ என்பது இன்றைய நாகனோ.

அந்த வாக்கு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதம் நாட்டின் கமிகள், அதாவது தெய்வங்கள், எல்லோரும் இசுமோவில் கூடுவதாக ஐதீகம். மற்ற ஊர்களுக்கு அது சாமி இல்லாத மாதம். சுவா ஊர்க்காரர்கள் மட்டும் தங்கள் சாமி எங்கேயும் போவதில்லை என்பார்கள்.

கல்வாசல்

அப்படியென்றால் தோற்றுப்போன தெய்வத்தைத்தான் கும்பிடுகிறார்களா? இடைக்காலப் போர்வீரர்கள் சுவா தெய்வத்தைப் போர்த்தெய்வமாகக் கொண்டாடியதாகச் சொல்கிறார்கள். போர்த்தலைவர் தக்கேதா ஷிங்கென் தன் கொடியிலேயே சுவா தெய்வத்தின் பெயரை எழுதி எடுத்துப் போனார். இரண்டும் பொருந்தவில்லையே.

வேர்தேடி

பொருந்தாமல் போவதற்குக் காரணம், நாம் வெளியூர்க் கதையிலிருந்து தொடங்கியதுதான். ஏடு சொன்னது சரி, ஆனால் அது அரசவையில் எழுதிய கதை. எட்டே ஆண்டுகள் கழித்து, 720-ல் வந்த நிஹோன் ஷோகியில் நாடு ஒப்படைப்பு விரிவாக இருக்கிறது, தகேமினாகதா அதில் இல்லை. அதே நூலில் 691-ஆம் ஆண்டுக் குறிப்பில், தத்சுதாவின் காற்றுத்தெய்வத்தோடு சேர்த்து ஷினானோவின் சுவா தெய்வத்துக்கும் அரசவை ஆள் அனுப்பிக் கும்பிட்டதாக வருகிறது. ஆக, சுவா தெய்வத்தின் பழைய முகங்களில் ஒன்று காற்று. தூணுக்குத் தேர்ந்த மரங்களில் அடையாளமாக அடிக்கப்படும் நகிகமா என்ற இரும்பு அரிவாளைப் பாருங்கள். பறவைத் தலைபோல வளைந்திருக்கும். புயலை அறுக்கும் அரிவாள் அது.

சுவாவுக்குள் சொல்லப்படும் கதையில் அவர் தோற்றவர் அல்ல, வென்றவர். வெளியிலிருந்து வந்தவர் ஃபுஜி என்ற பூங்கொடியையும், ஊரிலேயே இருந்த மோரியா தெய்வம் இரும்பையும் ஏந்திச் சண்டை போட்டார்கள். பூங்கொடி வென்றது. 1356-ல் எழுதப்பட்ட சுவா தெய்வத்தின் சித்திரச் சுருள் நூலில் இந்தச் சண்டை பதிவாகியிருக்கிறது. தோற்ற மோரியாவின் வழிவந்தவர்கள் துரத்தப்படவில்லை. அவர்கள்தான் ஜின்ச்சோகான் என்ற பெயரில் கமிஷாவின் தலைமைப் பூசாரிகளாக, மெய்ஜி அரசு 1871-ல் பரம்பரைப் பூசாரி முறையை ஒழிக்கும்வரை இருந்தார்கள்.

இன்னும் முக்கியமான ஒன்று. பழைய சுவாவில் தெய்வத்துக்கு உடல் இருந்தது. வென்றவர் வழிவந்ததாகச் சொல்லப்படும் சுவா குலத்தில் ஒரு சிறுவனைத் தேர்ந்து, சடங்கு செய்து, ஓஹோரி என்ற பட்டத்தில் அமர்த்துவார்கள். "எனக்கு உடல் இல்லை, ஓஹோரியே என் உடல்" என்று தெய்வம் சொன்னதாக மரபு. அந்தப் பையன் நடமாடும் சாமி. அவன்மேல் தெய்வத்தை இறக்கும் வேலை மோரியா குடும்பத்துப் பூசாரியுடையது. கல்லிலும் மரத்திலும் இறங்கும் மிஷாகுஜி என்ற ஊர்ச்சக்தியை அழைக்கத் தெரிந்தவர் அவர்தான். நீலமலை கேட்டாரே, கட்டடம் இல்லையென்றால் சாமி எங்கே என்று. ஆள் ஒருவரே கோயிலாக இருந்த ஊர் அது.

ஏடு

ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கொஜிகிக் கதையை வெறும் வெளியூர்க் கதை என்று தள்ளிவிட முடியாது. இன்று அந்த ஆலயமே தன் தெய்வத்தைத் தகேமினாகதா என்றுதான் அழைக்கிறது. மெய்ஜி காலத்துக்கு முன்பு பௌத்த அடுக்கு ஒன்றும் இருந்தது. கமிஷா தெய்வத்தின் மூல வடிவம் ஃபுகென் போதிசத்துவர், அதாவது நம் பக்கத்து வடமொழிப் பெயரில் சமந்தபத்திரர். கீழ்க்கோயிலுக்கு ஆயிரம் கை கன்னோன். கோயிலை ஒட்டிப் பௌத்த மடங்கள் இருந்தன, மெய்ஜி அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது அவை அழிந்தன.

வேர்தேடி

திருத்தம் சரிதான். ஹொன்மியாவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். "பின்னால் இருக்கும் மோரியா மலைதான் தெய்வம்" என்று வழிகாட்டிப் பலகைகளில் படித்துவிட்டுப் பலர் வருகிறார்கள். மோரியா மலை 1,650 மீட்டர். ஆனால் கும்பிடும் இடத்தில் நின்றால் முகம் அந்த உச்சிக்கு நேராக இருக்காது. பழைய அச்சு வேறு. ஹோதென் எனப்படும் இரண்டு சிறு கட்டடங்களுக்கு நடுவே, ஆட்சியாளர் தொகுகாவா இயெயாசு 1608-ல் கொடுத்த நாலுகால் வாசல் இருக்கிறது. அதன் வழியே மேலே நோக்கினால் சுசுரிஇஷி என்ற பாறை. தலையில் ஒரு குழி, அதில் தண்ணீர் வற்றாது என்பார்கள். தெய்வம் இறங்கிய இடம் அந்தப் பாறை என்பதே பழைய நம்பிக்கை. மலை முழுவதையும் விட, அந்தப் பாறையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

தச்சுமனை

தூண் விஷயத்துக்கு வருகிறேன். இதில் தப்பும் தவறுமாகத்தான் அதிகம் எழுதப்படுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

விழாவின் பெயர் ஒன்பஷிரா, "மாண்புமிகு தூண்" என்று வைத்துக்கொள்ளலாம். புலி ஆண்டிலும் குரங்கு ஆண்டிலும் வரும். ஊர்க்காரர்கள் ஏழாண்டுக்கு ஒரு முறை என்பார்கள். தொடங்கும் ஆண்டையும் முடியும் ஆண்டையும் சேர்த்து எண்ணும் கணக்கு அது. நம் கணக்கில் ஆறு. 2016, 2022, அடுத்தது 2028. கன்மு பேரரசர் காலத்தில், அதாவது 781-க்கும் 806-க்கும் இடையில், இது நடந்ததாகப் பதிவு இருக்கிறது.

மரம் மொமி என்ற ஊசியிலை மரம். வளாகத்துக்கு நான்கு, மொத்தம் பதினாறு. கமிஷாவில் முதல் தூண் 5 ஜோ 5 ஷாகு, கிட்டத்தட்ட 16.7 மீட்டர். அடுத்தடுத்த தூண் ஒவ்வொன்றும் ஐந்து ஷாகு, அதாவது ஒன்றரை மீட்டர் குறையும். நான்காவது 4 ஜோ, 12 மீட்டர். பெரிய மரத்துக்குக் குறுக்களவு ஒரு மீட்டர், எடை பத்து டன்னுக்கு மேல். நடும் வரிசையும் நிலையானது: கோயிலைப் பார்த்து நின்றால் வலது முன்மூலை முதல் தூண், இடது முன்மூலை இரண்டு, இடது பின்மூலை மூன்று, வலது பின்மூலை நான்கு.

கீழ்க்கோயில் மரங்கள் ஷிமோசுவாவின் ஹிகாஷிமதா அரசுக் காட்டிலிருந்து வருகின்றன. மேல்கோயிலுக்கு யத்சுகதாகே அடிவாரத்து ஓகோயா மலையே மரபான காடு. 1959-ன் இசே வளைகுடாப் புயலில் அங்கே பெரிய மொமிகள் நிறைய விழுந்துவிட்டன, அதன்பின் வேறு காடுகளிலிருந்தும் எடுக்க வேண்டி வந்தது. இதுதான் இந்த விழாவின் உண்மையான கவலை. மூன்று மீட்டர் சுற்றளவுள்ள மொமி ஆறு வருஷத்தில் வளர்ந்துவிடாது.

எந்த ஊர் எந்தத் தூணை இழுப்பது என்பதைக் கமிஷாவில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். எட்டுத் தூண், எட்டுப் பகுதி. கீழ்க்கோயிலில் குலுக்கல் கிடையாது, பேசி முடிவு செய்வது.

இழுப்பு இரண்டு கட்டம். ஏப்ரலில் யமதாஷி, மலையிலிருந்து இறக்குவது. மே மாதம் சதோபிக்கி, ஊருக்குள் இழுத்துக் கோயிலில் நிறுத்துவது. கமிஷா வழி ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அடியில் சக்கரமோ உருளைக்கட்டையோ கிடையாது. மரம் தரையோடு உராய்ந்துதான் வர வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இரண்டு வடம் பிடிக்கிறார்கள், ஒன்று ஆண்வடம், மற்றது பெண்வடம். கியாரி என்ற இழுப்புப் பாட்டைப் பாடுபவர் உச்சக்குரலில் ஒரு நீண்ட அடியை எடுத்துவிடுவார், அது முடிந்ததும் "யொய்சா, யொய்சா" என்று எல்லோரும் ஒன்றாக இழுப்பார்கள். கியாரி அலங்காரம் அல்ல. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் நூறு மீட்டருக்கு மேல் இருக்கும்போது ஒரே நொடியில் எல்லோர் பலமும் சேர அந்தக் குரலைத் தவிர வழி இல்லை. ஆளுக்கு ஆள் முன்னே பின்னே இழுத்தால் வடம் துவளும், மரம் அசையாது.

கமிஷா மரத்தில் மட்டும் மெதோதெகோ உண்டு. முன்னாலும் பின்னாலும் துளை போட்டு, V வடிவத்தில் இரண்டிரண்டு தடிகளைச் செருகுவார்கள். கொம்பு முளைத்ததுபோல இருக்கும். அதில் ஆட்கள் தொற்றிக்கொண்டு இடமும் வலமுமாகச் சாய்ந்தாடுவார்கள். பார்ப்பவருக்கு அது கொண்டாட்டம். வேலை என்னவென்றால், தரையைக் கவ்விய மரத்தை உருட்டி விடுவிப்பதும், திருப்பத்தில் தலையைத் திருப்புவதும். அடியில் நெம்புதடியோடு நிற்கும் தெகோ ஆட்களும் அதோடு சேர வேண்டும். ஆட்டம் ஒருபக்கமாக மிகுந்தால் மரம் கவிழ்ந்து, கீழ்ப்பக்கத் தடி தரையில் குத்தி, ஏறியவர்கள் விழுவார்கள். அனயாமா ஓமகாரி என்ற குறுகலான வளைவு இதற்குப் பேர்போனது. வீடுகளுக்கு நடுவே அந்தத் தடிகளோடு மரத்தைத் திருப்ப வேண்டும்.

அடுத்து கியோதோஷி, சரிவில் இறக்குவது. கீழ்க்கோயில் வழியில் இருக்கும் சரிவுதான் படங்களில் வருவது: நீளம் சுமார் 100 மீட்டர், செங்குத்தான இடத்தில் 35 பாகை. மரத்தின் மூக்கைச் சரிவின் விளிம்புக்கு வெளியே தள்ளி நிறுத்தி, பின்னாலிருந்து பிடித்துவைத்திருக்கும் வடத்தைக் கோடாலியால் வெட்டுவார்கள். அப்போது மரத்தின்மேல் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மூக்கு மண்ணில் குத்தினால் மரம் பக்கவாட்டில் திரும்பி உருளும். இதில் ஆபத்து முழுவதும் அந்த உருளலில்தான் இருக்கிறது. கமிஷா வழியில் சரிவுக்குப் பின் மியாகாவா ஆற்றைக் கடக்க வேண்டும். பனி உருகி ஓடும் ஏப்ரல் தண்ணீர். மரம் அங்கே கழுவித் தூய்மையாவதாக நம்பிக்கை.

கடைசி வேலை நிறுத்துவது. முதலில் தலையை மூன்று பட்டைக் கூம்பாகச் செதுக்குவார்கள், இதற்குக் கன்முரிஓதோஷி என்று பெயர். இந்த நிமிடத்திலிருந்துதான் மரம் தெய்வத்தூண். பிறகு குழியில் அடியை இறக்கி, கம்பிவடங்களைப் பூட்டி, தரையில் நட்ட மரச்சுழலிகளை ஆட்கள் சுற்றிச் சுற்றி மெதுவாக நிமிர்த்துவார்கள். நிமிரும் தூணின்மேல் ஆட்கள் ஏறியிருப்பார்கள். நிமிர்ந்ததும் அடிமண்ணை இடித்து இறுக்குவார்கள். 1998 நாகனோ குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் உலகம் பார்த்தது இந்தக் கட்டத்தைத்தான்.

கல்வாசல்

உயிரிழப்பு பற்றியும் சொல்லுங்கள். அதை மறைத்து வீரம் மட்டும் பேசுவது சரியில்லை.

தச்சுமனை

மறைக்க ஒன்றும் இல்லை. சரிவில் அடிபடுவதும் உண்டு. ஆனால் அண்மை விழாக்களில் உயிர் போனது நிறுத்தும்போது. 2010-ல் ஹருமியாவில் தூண் நிமிரும் வேளையில் பிடித்திருந்த கம்பிவடம் விட்டுப்போய் மேலே இருந்த இருவர் விழுந்து இறந்தார்கள். 2016-ல் ஹொன்மியாவில் ஒருவர் தூணிலிருந்து விழுந்து இறந்தார். சரிவில் விழுபவர் மண்ணில் உருள்வார். தூணில் இருப்பவருக்குக் கீழே பத்து மீட்டருக்கு மேல் வெறும் காற்று. படம் பிடிப்பவர்கள் சரிவைத்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது தூண்.

2022-ல் கொரோனா காரணமாக ஏப்ரல் யமதாஷியில் ஆள்கள் இழுக்கவில்லை. மரங்களை டிரெய்லர் லாரியில் ஏற்றி இறக்கினார்கள். சரிவும் இல்லை, ஆறு கடப்பதும் இல்லை. மே மாத சதோபிக்கி மட்டும் ஆள்பலத்தில் நடந்தது. அதனால் 2028-க்கு ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது: யமதாஷியில் வடம், நெம்புதடி பிடித்துப் பழகிய கைகளுக்கு நடுவே பன்னிரண்டு வருஷ இடைவெளி.

வேர்தேடி

தச்சுமனை எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இந்த விழாவின் முழுப்பெயரில் முதலில் வரும் சொல் ஷிகினென் சோஎய், குறித்த ஆண்டில் புதிதாகக் கட்டுவது. தூண் நடுவது அதன் ஒரு பாதிதான். மறுபாதி ஹொன்மியாவின் இரண்டு ஹோதென்கள். கிழக்கு ஒன்று, மேற்கு ஒன்று, இரண்டும் புல்வேய்ந்த சிறு கட்டடங்கள். ஒன்றில் தெய்வம் இருக்கும், மற்றதைப் புதுப்பித்து, ஒன்பஷிரா ஆண்டில் தெய்வம் புதியதற்குக் குடிபெயரும். ஆக ஒவ்வொரு ஹோதெனும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுசாகும். எத்தனை வறட்சியிலும் அந்தக் கூரையிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று சொட்டாவது விழும் என்பது சுவாவின் ஏழு அதிசயங்களில் ஒன்று. தெய்வம் எங்கே என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை.

நீலமலை

அருமை, எல்லோருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. சுவாவில் மான் தலை படைப்பார்கள் என்று படித்தேன். ஷிந்தோவில் இறைச்சி, ரத்தம் தீட்டு இல்லையா?

ஏரிக்கரை

மற்ற இடங்களில் பெரும்பாலும் அப்படித்தான். சுவா விதிவிலக்கு, அதுதான் இந்தத் தெய்வத்தின் தனித்தன்மை. இது வேட்டைக்காரர்களின் சாமி.

ஏப்ரல் 15 அன்று மயேமியாவில் இருக்கும் ஜிக்கென்ரோ என்ற நீண்ட திறந்த மண்டபத்தில் ஒந்தோசாய் என்ற சடங்கு நடக்கிறது. பழைய காலத்தில் 75 மான் தலைகளை வரிசையாக வைப்பார்கள். அதில் ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கும் என்பதும் ஏழு அதிசயங்களில் ஒன்று. 1784-ல் சுகாஏ மசுமி என்ற பயணி இதை நேரில் பார்த்து வரைந்து வைத்தார். அந்தப் படையலை அப்படியே மீட்டு, மான் தலைகள், குச்சியில் குத்திய முயல் என்று ஜின்ச்சோகான் மோரியா அருங்காட்சியகத்தில் காட்டியிருக்கிறார்கள். 1991-ல் திறந்த அந்தக் கட்டடம் ஃபுஜிமோரி தெருநோபு வடிவமைத்த முதல் கட்டடம், முகப்பில் மரத்தூண்கள் கூரையைத் துளைத்து மேலே போகும். இன்றைய சடங்கில் பாடம் செய்த மான் தலைகள் சில மட்டும் வைக்கிறார்கள்.

புத்தாண்டு காலையில் ஹொன்மியா முன்னால் ஓடும் சிற்றோடையின் பனியை உடைத்து, உறங்கும் தவளைகளைத் தோண்டி எடுத்து, சிறு வில்லில் அம்பு எய்து படைப்பதும் நடக்கிறது. விலங்கு நல ஆர்வலர்கள் இதை எதிர்க்கிறார்கள். ஆலயம் நிறுத்தவில்லை.

கோயில் தரும் கஜிகிமென் என்ற தாளையும் பாருங்கள். "மான் உண்ண அனுமதி" என்று பொருள். பௌத்தத்தின் பேரால் இறைச்சி விலக்கப்பட்ட காலத்தில், மலைக்குளிரில் வேறு உணவு இல்லாதவர்கள் குற்றவுணர்வில்லாமல் உண்ண இந்தத் தெய்வம் கொடுத்த சீட்டு அது. கூடவே அதற்கான உண்குச்சிகளும் உண்டு. பசித்தவனைப் பாவி என்று சொல்லாத ஒரு சாமி, அதற்கு எழுத்துப்பூர்வமான சான்றும் கொடுத்தது என்பது எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த விஷயம்.

பனிப்பாளம்

ஏரியைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் தொடர்கிறேன்.

சுவா ஏரி கடல்மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆழம் அதிகபட்சம் ஏழு மீட்டர்போல. ஆழமில்லாததால் சீக்கிரம் உறையும். இரவில் மைனஸ் பத்துக்குப் பக்கமாகக் குளிர் இறங்கி, ஏரி முழுவதும் கெட்டியாக உறைந்த பிறகு நடப்பது இது: இரவில் பனித்தளம் சுருங்கி விரிசல் விடும், விரிசலில் தண்ணீர் ஏறி உறையும், பகலில் தளம் விரிவடையும். இப்போது இடமில்லாததால் விரிசல் ஓரம் நெருக்குண்டு மேலே எழும்பும். கரைக்குக் கரை ஒரு பனிவரப்பு. எழும்போது இடிபோல முழங்கும். இதற்கு ஓமிவதாரி என்று பெயர், "தெய்வம் கடந்த தடம்". தெற்குக் கரை மேல்கோயில் கணவர், வடக்குக் கரை கீழ்க்கோயிலில் இருக்கும் மனைவியைப் பார்க்கப் போன வழி என்பது ஐதீகம்.

ஒரு திருத்தம் முன்கூட்டியே. இதைப் பார்த்து அறிவிப்பது சுவா தைஷா அல்ல, சுவா நகரின் யத்சுருகி ஆலயம். குளிர்காலத்தில், ஜனவரி முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை ஒவ்வொரு விடியலிலும் பூசாரியும் ஊர்ப் பிரதிநிதிகளும் கரைக்குப் போய், வெப்பநிலை எடுத்து, பனியைக் கோடாலியால் உடைத்துத் தடிமன் பார்ப்பார்கள். வரப்பு எழுந்தால் வழிபாடு செய்து, அதன் திசையைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு அந்த ஆண்டு விளைச்சலைச் சொல்வார்கள். எழாவிட்டால் "அகெ நோ உமி", திறந்த ஏரி என்று எழுதுவார்கள்.

பதிவுகள் 1443-லிருந்து தொடர்கின்றன. தட்பவெப்ப ஆய்வாளர்கள் இவற்றைத் தேடி வருவது இதனால்தான். கடைசியாக வரப்பு எழுந்தது 2018-ல். 2019 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் அகெ நோ உமி. ஆறு நூற்றாண்டாகப் பூசாரிகள் எழுதி வந்த ஏட்டில் இந்த வரி தொடர்ந்து விழுவதைப் பார்க்க மனசு கனக்கிறது.

மூங்கில்குழல்

நேரில் போகிறவர்களுக்கு வழி சொல்கிறேன்.

தோக்கியோ ஷின்ஜுகுவிலிருந்து அசுசா விரைவு ரயில். ச்சினோ, கமிசுவா, ஷிமோசுவா மூன்றும் ஒரே தடத்தில். இரண்டேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அசுசாவும் ஷிமோசுவாவில் நிற்காது, அதைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுங்கள்.

நான்குக்கும் கட்டாய வரிசை எதுவும் கிடையாது. ஒரே நாளில் முடிக்கக் காலையில் ச்சினோவில் இறங்கி மயேமியா, அங்கிருந்து சுமார் 25 நிமிடம் நடந்து ஹொன்மியா. பிறகு டாக்சியில் ரயில் நிலையம், ஷிமோசுவா போய் ஹருமியா, அங்கிருந்து நடந்து அகிமியா. பலரும் தவறுவது ஹொன்மியாவிலிருந்து திரும்பும் இடத்தில்தான். பேருந்து குறைவு, நேரம் பார்க்காமல் போனால் மாலையில் அலுவலகம் மூடிவிடும், வந்து கும்பிட்டதற்கு அடையாளமாகக் கோயில் தரும் கோஷுஇன் முத்திரை கிடைக்காது. நான்கு இடத்து முத்திரையும் வாங்கியவர்களுக்குச் சிறு நினைவுப்பொருள் கொடுப்பார்கள்.

கை கழுவும் முறை எல்லா ஷிந்தோ ஆலயங்களிலும் உள்ளதுதான்: வலக்கையால் கரண்டி எடுத்து இடக்கை, பிறகு மாற்றி வலக்கை, இடக்கையில் தண்ணீர் ஏந்தி வாய் கொப்பளித்து, மறுபடி இடக்கை, கடைசியில் கரண்டியைச் செங்குத்தாக்கிப் பிடியைக் கழுவி வையுங்கள். கரண்டியில் வாய் வைக்கவே கூடாது. அகிமியாவில் கல் டிராகன் வாயிலிருந்து வருவது வெந்நீர் ஊற்று, சுடும், கவனம். கும்பிடும்போது இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஒரு முறை குனியுங்கள்.

அகிமியா, ஹருமியா முகப்பு மண்டபங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே வரைபடத்தை இரண்டு தச்சுக் குழுக்களுக்குக் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். ஓசுமி குழு ஹருமியாவை 1780-ல் முடித்தது, ததெகாவா குழு அகிமியாவை 1781-ல். அளவு ஒன்றுதான், செதுக்கலில் போட்டி. முதலில் ஹருமியாவைப் பார்த்துவிட்டு அகிமியா போனால் வேறுபாடு நன்றாகத் தெரியும் என்பது என் கருத்து.

நீலமலை

2028-க்கு முன்பு போனால் தூண்களில் என்ன பார்க்க முடியும்? வெறும் நிற்கும் மரம்தானே?

தச்சுமனை

வளாகத்துக்கு நான்கும் அடுத்த விழாவரை நிற்கும். ஒன்றைத் தொட்டுப் பார்க்க முடிகிற இடத்தில், முன்னால் நிற்காமல் சுற்றிப் போங்கள். ஒரு பக்கம் உருண்டையாக, தச்சர் சீவியபடியே மொழுமொழுவென்று இருக்கும். மறுபக்கத்தில் நார் கிழிந்து, கல் கீறிய கோடுகள் நீளவாட்டில் ஓடித் தட்டையாக இருக்கும். இழுத்து வந்தபோது தரையில் உராய்ந்த பக்கம் அது. 2022 தூண்களில் அந்தத் தேய்மானம் குறைவு, லாரியில் வந்த தூரத்துக்கு மரம் தேயவில்லை. 2016-ல் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பாருங்கள்.